வீட்டுப்பள்ளிக் கலைத்திட்டத்தில் நம் ஊர் எங்கே?

(நீண்ட பதிவு. கல்வியியல், திருச்சபை வரலாறு ஆகிய துறைகளில் பயிலும் நண்பர்களும், பிள்ளைகளை வீட்டிலேயே கற்பிக்க எண்ணும் பெற்றோரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்குவதற்கு முன்பு பெங்களூரு, புணே, ஐதராபாத் போன்ற நகரங்களில் வாழும் கிறித்தவப் பெற்றோர் சிலரிடையே ஒரு கேள்வி சுற்றி வருகிறது: 'இந்த ஆண்டு எந்தத் தொகுப்பை வாங்குவது?' பிள்ளைகளை வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் இவை. குழந்தை நான்காம் வகுப்பு வயதை எட்டும்போது இக்கேள்வி கூர்மையடைகிறது. எழுத்தும் எண்ணும் கைவந்துவிட்டன. இனி உள்ளடக்கம் தேவை. கல்வியியலில் ஆய்வு செய்து வருவதால் இக்கேள்வி என்னிடமும் வருவதுண்டு. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வெற்றுத்தாளை எடுத்து இரண்டு வரிகள் எழுதுமாறு கேட்டுக்கொள்வது என் வழக்கம். பதினொரு வயதில் உங்கள் குழந்தை நினைவிலிருந்து எந்த நிலத்தின் வரைபடத்தை வரைய வேண்டும்? எந்த நூற்றாண்டுகளின் கதையைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும்?

இவ்விரு கேள்விகளுக்கும் விடை எழுதாமல் வாங்கப்படும் எந்தத் தொகுப்பும், தன் நாட்டின் வரைபடத்தையும் தன் நாட்டின் காலக்கோட்டையுமே குழந்தைக்குத் தரும் என்பதுதான் இப்பதிவின் வாதம். எட்டு முதல் பதினொரு வயது வரையிலான பருவத்தைத் தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆயத்த நிலை என்று வகைப்படுத்துகிறது. இடத்தையும் காலத்தையும் ஒழுங்காக அடுக்கிப் பார்க்கும் ஆற்றல் குழந்தைக்கு உறுதிப்படுவது ஏறத்தாழ இந்த வயதில்தான். அந்த அடுக்கில் தன் ஊர் இல்லையென்றால், தான் வாழும் இடம் பாடத்துக்கு வெளியே உள்ளது என்று குழந்தை முடிவு செய்துகொள்ளும். கிறித்தவக் குடும்பங்களில் இதன் விளைவு இன்னும் ஒரு படி ஆழமானது: விசுவாசமும் வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வந்த பொருளாக மனத்தில் பதிந்துவிடும்.

சட்டத்தின் நிலை

முதலில் நடைமுறை. வீட்டுவழிக் கல்வியின் சட்டநிலை இந்தியாவில் தெளிவற்றது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது. அதன் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக விதிக்கிறது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் குறிப்பிடவில்லை. வீட்டுவழிக் கல்வியை அச்சட்டம் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் இயங்குகின்றன.

தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளது. அதன் திறந்தநிலை அடிப்படைக் கல்வித் திட்டத்தின் ஏ, பி, சி நிலைகள் முறையே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நிகரானவை. 14 வயது நிறைந்தோர் அதன் இடைநிலைப் படிப்பில் சேரலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் முக்கியமானது. பள்ளியில் சேராத குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஆக, வீட்டில் கற்கும் பத்து வயதுக் குழந்தை நாளையே பள்ளிக்குத் திரும்பக்கூடும். தந்தைக்கு மாற்றல் வரலாம், தாய்க்கு உடல்நலம் குன்றலாம், குழந்தையே விரும்பிக் கேட்கலாம். அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பது கலைத்திட்டத்தின் முதல் பொறுப்பு. கணக்கிலும் மொழியிலும் நம் நாட்டுப் பள்ளியின் நடையோடு ஒத்துப்போகாத எந்தத் திட்டமும் அக்கதவைச் சிறிது சிறிதாக மூடுகிறது.

சந்தையில் கிடைப்பவை

உலகெங்கும் பரவியுள்ள கிறித்தவ வீட்டுப்பள்ளித் தொகுப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் பிறந்தவை. டெக்சாசில் 1970இல் ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன், புளோரிடாவின் பென்சகோலாவில் 1972இல் அபெக்கா, தென் கரோலினாவின் கிரீன்வில்லில் அதே பத்தாண்டில் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் என்று அவை தோன்றின. அந்நாட்டுப் பொதுப்பள்ளிகளில் அரசு சார்பில் வழிபாடு நடத்துவது செல்லாது என்று 1962இலும் 1963இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பரிணாமக் கொள்கை பாடநூல்களில் மீண்டும் இடம்பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூழலுக்கு அங்குள்ள ஒரு பிரிவினர் கண்ட விடைகளாக இத்தொகுப்புகளை வாசிக்கலாம். இந்தியக் கிறித்தவரின் சூழல் வேறு. கிறித்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் இருக்கும் நாடு இது, மக்கள்தொகையில் 2.3 விழுக்காடாக, 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2.78 கோடிப் பேராக, நாம் வாழும் நாடு இது. அவர்களுடைய அச்சங்களுக்கு எழுதப்பட்ட விடையை நம் கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்வது சரியா என்று கேட்பது நம் கடமை.

இத்தொகுப்புகளின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. நாள்வாரியான பாடக்குறிப்பு, ஆசிரியர் கையேடு, விடைத்தாள், தேர்வுத்தாள் என எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன. ஆசிரியப் பயிற்சி பெறாத தாய்க்கு அது பெருந்துணை. ஆங்கில இலக்கணத்தை அவை முறையாகக் கற்பிக்கின்றன. ஆனால் அதே பெட்டிக்குள் வேறு சிலவும் வருகின்றன. கணக்கில் அங்குலம், பவுண்டு, கேலன், டாலர், சென்ட். வெப்பநிலைக்குப் பாரன்ஹீட். ஆண்டுக்கு இலையுதிர்காலம் உட்பட நான்கு பருவங்கள். பருவமழைக்கு அங்கே இடமில்லை. எண்களில் மில்லியன் உண்டு, லட்சமும் கோடியும் இல்லை. 1,00,000 என்று நாளிதழில் அச்சாகும் எண்ணைப் பார்த்துக் காற்புள்ளி இடம் மாறியிருப்பதாக ஒரு குழந்தை எண்ணினால், வீட்டு வாடகையும் காய்கறி விலையும் பேசப்படும் உலகில் அது விருந்தாளியாகவே இருக்கும்.

இதைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. இந்தியா அந்நூல்களில் பெரும்பாலும் ஊழியக் களமாக மட்டுமே தோன்றுகிறது. வில்லியம் கேரி, ஏமி கார்மைக்கேல், ஐடா ஸ்கடர் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள் நல்ல நூல்கள். குழந்தைகள் படிக்க வேண்டியவை. ஆனால் அவற்றில் செயல்படுபவர் கடல் கடந்து வந்தவர். இந்தியர் மீட்கப்படக் காத்திருப்பவர். இந்தியக் கிறித்தவக் குழந்தை அக்கதையில் தன்னை எங்கே நிறுத்திக்கொள்ளும்? ஒன்று வந்தவரின் பக்கம் நின்று தன் அண்டை வீட்டாரை இருளில் இருப்பவராகப் பார்க்கும், அல்லது தன் பாட்டனாரையே அந்த இருளில் வைத்துப் பார்க்கும். இரண்டுமே பத்து வயதுக் குழந்தைக்கு நாம் செய்யக்கூடாத தீங்கு.

காலக்கோட்டை மீண்டும் வரைதல்

மாற்றாக என்ன செய்யலாம்? நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கான இரண்டு ஆண்டுகளை நான்கு அரையாண்டுகளாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் அரையாண்டு சொந்த ஊர். வீட்டிலிருந்து சந்தைக்கும், பேருந்து நிறுத்தத்துக்கும், ஆலயத்துக்கும் செல்லும் வழியை அளவோடு வரைதல். ஊரின் நீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று அறிதல். பழைய கல்லறைத் தோட்டம் இருந்தால் அங்குள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் படித்து எழுதுதல். தாத்தா பாட்டியிடம் கேட்டுக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் காலக்கோட்டை உருவாக்குதல்.

இரண்டாம் அரையாண்டு, தொடக்கக் காலத்திலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரை. சிந்துவெளி, அசோகர், கடல் வணிகம், பக்தி இயக்கங்கள், இஸ்லாத்தின் வருகை ஆகியவற்றோடு கேரளக் கடற்கரைக் கிறித்தவரும் இங்கே வருவர். புனித தோமா கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் இறங்கினார் என்பது மரபு. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யன் அடிகள் கி.பி. 849இல் வழங்கிய உரிமைகள் செப்பேட்டில் உள்ளவை. மரபு சொல்வது, ஆவணம் சொல்வது என்னும் வேறுபாட்டை ஒன்பது வயதுக் குழந்தை நன்றாகவே புரிந்துகொள்ளும். இரண்டையும் மதிக்கவும் கற்றுக்கொள்ளும். அச்செப்பேட்டில் வட்டெழுத்தில் உள்ள மூல ஆவணத்தோடு அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகளின் ஒப்பங்களும் உண்டு. ஒரு கிறித்தவ ஆலயத்துக்கான கொடைக்கு முஸ்லிமும் பார்சியும் யூதரும் சாட்சி நின்ற வரலாற்றைக் காட்டிலும் சிறந்த குடிமைப் பாடம் எந்த இறக்குமதித் தொகுப்பில் கிடைக்கும்?

மூன்றாம் அரையாண்டு 1498 முதல் 1857 வரை. இங்கே நேர்மை தேவை. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சானதையும், 1616இல் தாமஸ் ஸ்டீபன்சின் கிறிஸ்த புராணம் மராத்தியில் வெளிவந்ததையும் மகிழ்ச்சியோடு சொல்லும் பெற்றோர், 1560 முதல் 1812 வரை கோவாவில் விசாரணை மன்றம் இருந்ததையும் சொல்ல வேண்டும். 1599இன் உதயம்பேரூர்ச் சங்கத்தையும், அதன்பின் வளர்ந்த கசப்பால் 1653இல் மலபார்க் கிறித்தவர் எடுத்த கூனன் சிலுவை உறுதிமொழியையும் சொல்ல வேண்டும். கிறித்தவர் கிறித்தவரை எதிர்த்த வரலாறும் நம்முடையதே. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததும், 1800இல் செராம்பூரில் அச்சகம் தொடங்கியதும் இதே அரையாண்டில் அமையும். அங்கே கேரியோடு, எழுத்துருக்களை வார்த்த பஞ்சானன் கர்மகாரும் அவ்வாண்டின் இறுதியில் திருமுழுக்குப் பெற்ற தச்சர் கிருஷ்ண பாலும் குழந்தைக்கு அறிமுகமாகட்டும்.

நான்காம் அரையாண்டு 1857 முதல் 1950 வரை. பெண்கல்விக்காக உழைத்து, வேதாகமத்தை மூலமொழிகளிலிருந்து மராத்தியில் பெயர்த்த பண்டித ரமாபாய். தனி ஒடிசா மாகாணத்துக்காக வாழ்நாளெல்லாம் போராடிய மதுசூதன் தாஸ். காந்தியோடு இணைந்து கிராமப் பொருளியலை வகுத்த ஜே. சி. குமரப்பா, விடுதலை இந்தியாவின் முதல் நலவாழ்வு அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர், அரசியல் நிர்ணய சபையின் துணைத்தலைவராக இருந்த எச். சி. முகர்ஜி. இவர்கள் அனைவரும் கிறித்தவர். இந்தியக் குடியரசு உருவான கதையில் தன் சமூகத்தாரும் உள்ளே இருந்தனர் என்று பதினொரு வயதில் அறியும் குழந்தை, பின்னாளில் 'நீ இந்த மண்ணைச் சேர்ந்தவனா' என்று எவரேனும் கேட்டால் தடுமாறாது. அக்கேள்வி இன்று நம் பிள்ளைகளிடம் கேட்கப்படுகிறது என்பதை நாம் அறிவோம். அதற்கான ஆயத்தத்தைப் பென்சகோலாவில் எழுதப்பட்ட நூல் தராது.

மொழி

ஆங்கிலவழித் தொகுப்பை வாங்கும் குடும்பத்தில் தாய்மொழி பெரும்பாலும் சமையலறையோடு நின்றுவிடுகிறது. இது எனக்கு மிகுந்த வியப்பளிப்பது. ஏனெனில் இந்தியத் திருச்சபையின் வரலாறு பெருமளவுக்கு இந்திய மொழிகளின் வரலாறு. குண்டர்ட்டின் மலையாள அகராதி 1872, கிட்டலின் கன்னட அகராதி 1894, வீரமாமுனிவரின் சதுரகராதி 1732. காசி மொழிக்கு 1841இல் தாமஸ் ஜோன்சும், மிசோ மொழிக்கு 1894இல் லோரெய்ன், சேவிட்ஜ் இருவரும் உரோம எழுத்துமுறையை வகுத்தனர். பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவி காமில் புல்கே, இராமகதையின் தோற்ற வளர்ச்சியை இந்தியிலேயே ஆய்வேடாக எழுதி அலகாபாத் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வெளியிலிருந்து வந்தவர்கள் இம்மொழிகளைக் கற்க ஆயுளைச் செலவிட்டிருக்க, இம்மண்ணில் பிறந்த கிறித்தவக் குழந்தை தன் பாட்டியின் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் இயலாமல் வளர்வது எவ்வகை முன்னேற்றம்?

ஆகவே இரண்டு ஆண்டுகளுக்குள் குழந்தை தாய்மொழியில் ஒரு நற்செய்தி நூலை முழுமையாக உரக்க வாசித்திருக்க வேண்டும் என்பதை ஓர் இலக்காக வைக்கலாம். இறக்குமதிப் பட்டியல்களில் தவறாது இடம்பெறும் பன்யனின் மோட்சப் பயணக் கதைக்குத் தமிழில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் உண்டு. அதன் செய்யுள்நடை பத்து வயதுக்குக் கடினம்தான். கதையைப் பெற்றோர் சொல்லி, இடையிடையே சில செய்யுள்களைப் பாடிக் காட்டினால் போதும். மராத்திக் குடும்பங்களுக்கு நாராயண் வாமன் திலக்கின் பாடல்களும் இலட்சுமிபாய் திலக்கின் தன்வரலாறும் இருக்கின்றன. மொழிக்கு மொழி இத்தகைய செல்வம் உண்டு. தேடி எடுக்கும் உழைப்பு மட்டும் நம்முடையது.

அறிவியல்

மிகவும் கருத்து வேறுபாடு எழும் இடம் இது. அமெரிக்கக் கிறித்தவத் தொகுப்புகளில் பல, உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆறு நாட்களில் படைக்கப்பட்டது என்பதை அறிவியல் முடிவாகவே கற்பிக்கின்றன. இன்று நாம் காணும் வடிவில் இக்கருத்து பரவியது, 1961இல் விட்கம்ப், மோரிஸ் இருவரும் எழுதிய வெள்ளப் பெருக்கு நூலுக்குப் பிறகு. கத்தோலிக்கத் திருச்சபை அதை வற்புறுத்துவதில்லை. ஆதியாகமத்துக்கு விரிவுரை எழுதிய அகுஸ்தீனாரே, இயற்கையைப் பற்றி அறிந்தோர் முன் விசுவாசிகள் அறியாமையைப் பேசி வேதத்தை நகைப்புக்கு ஆளாக்கக்கூடாது என்று எச்சரித்தார். அவர் வாழ்ந்தது நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில். ஆக, விசுவாசத்துக்கும் இளம் பூமிக் கொள்கைக்கும் பிரிக்க முடியாத பிணைப்பு உண்டு என்பது அண்மைக்கால நிலைப்பாடுகளில் ஒன்று மட்டுமே.

பத்து வயதுக்கு இந்த விவாதமே தேவையில்லை என்பார் உண்டு. நான் ஓரளவு உடன்படுகிறேன். இவ்வயதின் அறிவியல் பார்த்தல், அளத்தல், எழுதி வைத்தல் ஆகியவற்றில் நிற்க வேண்டும். சார்லட் மேசன் என்னும் ஆங்கிலேயக் கல்வியாளர் (1842–1923) வற்புறுத்திய இயற்கைக் குறிப்பேட்டை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அது முறை, முறைக்கு நாடு இல்லை. ஓக், மேப்பிள் மரங்களின் இடத்தில் வேம்பும் புங்கமும் வரட்டும். குயில் முதன்முதலாகக் கூவிய நாள், தென்மேற்குப் பருவமழை வந்த நாள், ஈசல் பறந்த மாலை என்று குழந்தை எழுதி வைக்கட்டும். அரவிந்த் குப்தாவின் கழிவுப்பொருள் அறிவியல் பொம்மைகள், போபாலின் ஏகலவ்யா நிறுவனத்தின் வெளியீடுகள், இலவசமாகக் கிடைக்கும் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் ஆகியவை போதுமான துணை. படைப்பை வியப்பதற்குக் கண்ணால் பார்த்த ஒரு சிலந்திவலை போதும். பாறையின் வயது குறித்துக் குழந்தை கேட்டால், புவியியலாளர் அளந்து சொல்வதைச் சொல்லிவிட வேண்டும். பதினைந்து வயதில் தானே கண்டறியப்போகும் ஒன்றை மறைத்து வைத்தால், அன்று அக்குழந்தை இழப்பது பாடநூலின் மீதுள்ள நம்பிக்கையோடு நிற்காது.

வேதபாடம்

கிறித்தவக் கலைத்திட்டம் என்றால் எல்லாப் பாடத்திலும் வசனம் ஒட்டுவது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பின்னக் கணக்கின் ஓரத்தில் அச்சிடப்பட்ட வசனத்தால் பின்னமும் தெளிவதில்லை, வசனமும் நிலைப்பதில்லை. வேதாகமத்துக்கு அதற்கே உரிய நேரம் தரப்பட வேண்டும். இவ்வயதுக் குழந்தைகள் நீண்ட கதைகளை விரும்புவர். யோசேப்பின் கதையையும், ரூத்தின் கதையையும், தாவீதின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் துண்டாக்காமல் தொடர்ச்சியாக வாசித்து, குழந்தையைத் தன் சொற்களில் திரும்பச் சொல்லச் செய்யலாம். தாவீதின் குற்றத்தை வேதாகமம் மறைக்கவில்லை என்பதைக் குழந்தை தானே கவனிக்கும். திருச்சபை வரலாற்றின் குற்றங்களைப் பேசுவதற்கு அதுவே வழியமைத்துத் தரும்.

பகிர்ந்த பெஞ்சு

இப்போது எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றும் கேள்விக்கு வருகிறேன். பள்ளி என்னும் நிறுவனத்துக்கு எத்தனையோ குறைகள் உண்டு. ஆனாலும் இந்நாட்டில் வெவ்வேறு சாதிகளையும் மதங்களையும் சேர்ந்த பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்த இடங்களில் அது முதன்மையானது. கிறித்தவ மறைப்பணிப் பள்ளிகளுக்கு அதில் பங்குண்டு. ஜோதிராவ் புலே பயின்றது புணேயின் ஸ்காட்டிய மறைப்பணிப் பள்ளியில்தான். அதே வேளையில், திருச்சபைக்குள் சாதி வாழ்ந்தது, இன்றும் வாழ்கிறது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதிப் பாகுபாட்டை அறவே நீக்க ஆணையிட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் எதிர்த்தனர். இன்றும் கல்லறைத் தோட்டங்களில் சாதி பிரிந்து கிடக்கும் ஊர்கள் உண்டு.

குழந்தையைப் பள்ளியிலிருந்து எடுத்து, ஒரே சபையைச் சேர்ந்த நான்கு குடும்பங்களின் பிள்ளைகளோடு மட்டும் வளர்த்தால், அந்த நான்கு குடும்பங்களும் ஒரே சாதியாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. எவரும் திட்டமிடாமலேயே வீட்டுப்பள்ளி சாதிப்பள்ளியாகிவிடும். விசுவாசத்தைக் காக்கப் புறப்பட்டுச் சாதியைக் காத்து முடிப்பது கிறித்தவக் கல்வியின் தோல்வி. எனவே பகிர்ந்த பெஞ்சு கலைத்திட்டத்தின் எழுதப்பட்ட பகுதியாக இருக்க வேண்டும். பொது நூலக உறுப்பினர் அட்டை, மாநகராட்சி விளையாட்டுத் திடல், பிற மத நண்பர்களோடு சேர்ந்து பயிலும் இசை வகுப்போ கைத்தொழிலோ ஒன்று, அண்டை வீட்டாரின் பண்டிகைகளுக்குச் செல்வது, அவர்களை நம் வீட்டுக்கு அழைப்பது. இவற்றுக்குக் கால அட்டவணையில் நாள் குறிக்கப்பட வேண்டும். குறிக்க இயலாத குடும்பம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே நேர்மை என்று நான் கருதுகிறேன்.

நேரம், உழைப்பு

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும் 800 கற்பித்தல் மணிகளையும் விதிக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி என 40 வாரம் கற்பித்தால் அந்த 800 மணி நிறைவாகும். வாரத்தின் 20 மணியை இவ்வாறு பகிரலாம்: தாய்மொழி 4, ஆங்கிலம் 4, கணக்கு 4, அறிவியலும் இயற்கைக் குறிப்பேடும் 3, வரலாறும் புவியியலும் 3, வேதபாடம் 2. பிற்பகல் விளையாட்டுக்கும், கைவினைக்கும், பகிர்ந்த பெஞ்சுக்கும் உரியது. மதிப்பீட்டுக்கு வாரம் ஒருமுறை வாய்மொழி எடுத்துரைப்பும், மாதம் ஒருமுறை எழுத்துத் தொகுப்பும், ஐந்தாம் வகுப்பின் இறுதியில் திறந்தநிலைப் பள்ளியின் பி நிலைத் தேர்வும் போதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 'இதையெல்லாம் தேடி அடுக்குவது யார்? தொகுப்பு வாங்குவதே அந்தச் சுமையைக் குறைக்கத்தானே?' உண்மை. மேலும் வீட்டுவழிக் கல்வியின் சுமை ஏறத்தாழ முழுவதும் தாயின் தோளில் விழுகிறது என்பதும், குடும்ப ஆராதனையில் தலைமை தாங்கும் தந்தை பின்னக் கணக்கு நேரத்தில் காணாமற்போவதும் நாம் அறிந்தவையே. ஆகவே என் பரிந்துரை சுருக்கமானது. ஆங்கில இலக்கணத்துக்கு விரும்பினால் தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு நம் நாட்டு நூலையே எடுங்கள். வரலாறு, புவியியல், தாய்மொழி, அறிவியல் ஆகிய நான்கையும் இங்கேயே கட்டுங்கள். வாரத்தின் 20 மணியில் குறைந்தது 6 மணியைத் தந்தை கற்பிக்கட்டும். அதற்கு அவர் ஆயத்தமாக இல்லையென்றால், அந்தக் குடும்பம் இன்னும் வீட்டுப்பள்ளிக்கு ஆயத்தமாகவில்லை.

இதில் ஆய்வுலகத்துக்கும் பங்குண்டு. திருச்சபை வரலாற்றில் முனைவர் பட்டம் பெறும் நாம், நம் ஆய்வேடுகளைப் பத்து வயதுக் குழந்தை வாசிக்கும் முப்பது பக்க நூலாக மாற்றியதுண்டா? தரிசாப்பள்ளிச் செப்பேடு குறித்து ஆய்வுக் கட்டுரைகள் பல உள்ளன. குழந்தைக்கான படநூலைத் தேடும் தாய்க்கு நாம் எதைக் கைகாட்டுவது? வெற்றிடம் இருந்தால் அதை எவரேனும் நிரப்புவர். வண்ணப்படங்களோடும் விடைத்தாளோடும் நிரப்புபவரையே களைத்துப்போன பெற்றோர் தேடிச் செல்வர். அவர்களைக் குறை கூறும் உரிமை, அந்த முப்பது பக்கத்தை எழுதிய பிறகே நமக்கு வரும்.

ஆய்வு மாணவர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. உங்கள் ஆய்வேட்டிலிருந்து ஓர் ஊரையோ, ஒரு மனிதரையோ, ஓர் ஆவணத்தையோ தேர்ந்தெடுத்து, உங்கள் தாய்மொழியில் பத்து வயதுக் குழந்தைக்காக எழுதுங்கள். மொழிக்கு இருவர் முன்வந்தால் அடுத்த கல்வியாண்டுக்குள் ஒரு சிறு வரிசை உருவாகிவிடும். மாற்றுக் கருத்துடையோர், குறிப்பாக அறிவியல் பகுதியிலும் பகிர்ந்த பெஞ்சுப் பகுதியிலும் என்னோடு உடன்படாதோர், விரிவாக எழுதுமாறு அழைக்கிறேன்.